சொல்லும் பொருளும்: பரதேசி

பௌர்ணமிக்கு முந்தைய நாள் மாலை. திருவண்ணாமலையில் பெரிய கோயிலின் மாட வீதியை ஒட்டிய ஒரு வீடு. கிரிவலம் செல்வதற்காகச் சென்னையிலிருந்து பேரன் வந்து இறங்குகிறான். முழங்காலில் கிழிசல் விட்ட ஜீன்ஸ், சீப்புக் காணாத தலை, ஒரு வாரத் தாடி, கசங்கிய சட்டை. வாசலுக்கு வந்த பாட்டி அவனை மேலும் கீழும் பார்க்கிறார்.

“என்னடா கண்ணு இது, பரதேசி மாதிரி வந்து நிக்கிறே? முதல்ல போய்க் குளிச்சிட்டு, தலையை வாரிக்கிட்டு வா.”

பேரன் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறான். சற்று நேரத்தில் வாசலில் வேறொரு குரல் கேட்கிறது. காவித் துணி, சடை பிடித்த தலை, கையில் திருவோடு. பார்வைக்கு அவர் கோலமும் பேரனின் கோலத்துக்கு அதிகம் மாறுபட்டதன்று. ஆனால் பாட்டியின் நாவில் இப்போது வேறு சொல் வருகிறது. “இருங்க சாமி, இதோ கொண்டு வரேன்.”

அண்ணாமலையார் ஊரில் எந்த வீட்டிலும் காணக்கூடிய காட்சி இது. ‘பரதேசி’ என்னும் சொல் யாருக்கு உரியதோ அவர் ‘சாமி’ ஆனார். உரியவன் அல்லாத பேரன்மேல் அந்தச் சொல் வசையாக விழுந்தது. இது எப்படி நேர்ந்தது என்று எண்ணிப் பார்த்தால், ஒரு சொல்லின் வரலாற்றோடு இந்த ஊரின் வரலாறும் சேர்ந்தே விளங்கும். 

சொல் பிறந்த வகை

பரதேசி என்பது வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். ‘பர’ என்றால் வேறான, அப்பாலுள்ள என்று பொருள். ‘தேசம்’ நாடு. ஆகவே பரதேசம் வேற்று நாடு. பரதேசி வேற்று நாட்டவர். அழுக்கு, கந்தல், வறுமை ஆகிய எதுவும் இச்சொல்லின் உறுப்புகளில் இல்லை. பொன்னும் பட்டும் சுமந்து வந்தவரும் அயல் நாட்டவராயின் பரதேசியே.

இடைக்காலக் கல்வெட்டுகளில் பெருவணிகர்கள் சுதேசிகள், பரதேசிகள், நானாதேசிகள் என்று குறிக்கப்படுகின்றனர். அந்தப் பரதேசிகள் ஏழைகள் அல்லர். கோயில்களுக்கு வாரி வழங்கிய செல்வர்கள். கொச்சியில் மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டு எழுந்த யூதர்களின் தொழுகைக்கூடம் இன்றும் ‘பரதேசி’ என்ற பெயரோடு விளங்குகிறது. அயல்நாடுகளிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் கட்டியது என்பதே அப்பெயரின் காரணம். இந்தியில் ‘பர்தேசி’ என்றால் தொலைதேசத்தில் வாழ்பவர், தொலைவிலிருந்து வந்தவர் என்றே பொருள். அதில் ஏளனம் இல்லை.

இச்சொல்லின் உடன்பிறப்புகள் இரண்டைப் பார்த்தால் வியப்பு இன்னும் மிகும். ஒன்று ‘தேசாந்திரி’. தேசம் என்பதோடு வேறு என்னும் பொருளுடைய ‘அந்தரம்’ சேர்ந்து பிறந்த சொல் அது. பொருளால் பரதேசிக்கும் தேசாந்திரிக்கும் வேற்றுமை இல்லை. ஆயினும் ஒருவரைத் தேசாந்திரி என்றால் அவர் மகிழ்வார். பரதேசி என்றால் சண்டைக்கு வருவார். மற்றொன்று, எதிர்ச்சொல்லாகிய ‘சுதேசி’. 1905இல் வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த இயக்கத்தாலும், 1906இல் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தாலும் அந்தச் சொல் நாட்டுப்பற்றின் அடையாளமாயிற்று. ஒரே குடும்பத்தில் பிறந்த மூவரில் சுதேசி அரியணை ஏறிற்று. தேசாந்திரி மதிப்போடு வாழ்கிறது. பரதேசி மட்டும் தெருவில் நிற்கிறது.

‘பரம்’ என்பதற்கு மேலானது என்றும் பொருள் உண்டு. ஆகவே பரதேசி என்பவர் பரமனின் தேசத்துக்கு உரியவர் என்று பொருள் கொள்ளும் அடியார்களும் உளர். அது சொற்பிறப்பு ஆகாது. பக்தி தந்த விளக்கம். ஆனால் அந்த விளக்கம் தோன்றுவதற்கு இடமிருந்தது என்பதே, இச்சொல் ஒரு காலத்தில் எத்தகையவரைச் சுட்டியது என்பதைக் காட்டும்.

ஊரை விட்டவர்

அயல் நாட்டவர் என்ற பொருள் துறவி என்ற பொருளாக வளர்ந்தது இயல்பே. துறவு பூண்டவர் முதலில் துறப்பது ஊரை. சொந்த ஊரில் இருந்தால் வீடு அழைக்கும், நிலம் அழைக்கும், உறவு அழைக்கும். ஆகவே மழைக்காலத்துச் சாதுர்மாஸ்யம் தவிர ஓரிடத்தில் நெடுநாள் தங்கலாகாது என்பது துறவியருக்கு வகுத்த பழைய நெறி. ‘பரிவிராஜகர்’, அதாவது சுற்றித் திரிபவர், என்ற பெயரும் அவர்களுக்கு அதனால் வந்ததே. எந்த ஊருக்குப் போனாலும் அவர் அங்கே அயலார். எந்நாளும் எங்கும் பரதேசியாக இருப்பதே அவருடைய விரதம்.

அப்படி வருபவர்களை எதிர்கொள்ள இந்த நாடு ஆயத்தமாக இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில்களிலும் மடங்களிலும் உணவு அளிப்பதற்கு நிவந்தம் விட்ட செய்திகள் பல. அவற்றில் உண்பவர்களாக ‘அபூர்விகள்’, ‘தேசாந்திரிகள்’ ஆகியோர் குறிக்கப்படுகின்றனர். அபூர்வி என்பவர் முன்பு கண்டறியாதவர், புதிதாக வந்தவர். அறிந்தவருக்குச் சோறிடுவது உறவு. அறியாதவருக்குச் சோறிடுவதே அறம் என்று கருதிய காலம் அது. ‘நீ யார், எந்த ஊர், எதற்காக வந்தாய்’ என்ற கேள்விகளுக்கு முன்னால் இலை போடப்பட்டது.

காசிக்கும் இராமேசுவரத்துக்கும் நடந்து போன தலைமுறைகளுக்கு இது நூலறிவு அன்று, வாழ்க்கை. தெற்கிலிருந்து காசிக்குப் போன யாத்திரிகர் அங்கே பரதேசி. வடக்கிலிருந்து இராமேசுவரத்துக்கு வந்தவர் இங்கே பரதேசி. குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டில் காசியில் மடம் நிறுவியதும், நகரத்தார் அங்கே சத்திரம் கட்டியதும் இந்தப் பரதேசிகளின் பசியையும் களைப்பையும் எண்ணியே.

மணப்பந்தலில் ஒரு கோலம்

இச்சொல்லின் பழைய மதிப்பு இன்னும் அழியாமல் காக்கப்படும் இடம் ஒன்று உண்டு. அது திருமண வீடு. மாலை மாற்றுவதற்கு முன் மணமகன் காசி யாத்திரை புறப்படும் சடங்கைப் பல முதியவர்கள் தம் திருமணத்திலேயே கண்டிருப்பார்கள். கையில் தடி, குடை, விசிறி, பஞ்சகச்சம், துறவு பூண்டு காசிக்குப் போவதாகக் கிளம்புவார் மாப்பிள்ளை. பெண்ணின் தந்தை வழிமறித்து, தம் மகளை ஏற்று இல்லறம் நடத்துமாறு வேண்டி அழைத்து வருவார். இந்தச் சடங்குக்கு அந்தணர் இல்லங்களில் வழங்கும் பெயர் ‘பரதேசிக் கோலம்’.

மங்கலம் நிறைந்த பந்தலில், சுற்றத்தார் அனைவரும் கூடியிருக்கும் வேளையில், மாப்பிள்ளையை நோக்கிச் சொல்லப்படும் அச்சொல்லில் இழிவு ஏதும் இல்லை. வாழ்க்கையில் இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் உயர்ந்தவை, அவற்றுள் ஒன்றை இவர் தேர்ந்துகொள்கிறார் என்பதே சடங்கின் கருத்து. அன்று மாமனார் தடுத்ததால் இல்லறத்தார் ஆனவர், தடுப்பாரின்றிப் போயிருந்தால் பரதேசி ஆகியிருப்பார்.

கந்தலும் கடவுளும்

பரதேசிக்கும் அழுக்குக்கும் தொடர்பு ஏற்பட்டதற்குக் காரணம் எளியது. நடந்தே திரிபவருக்கு மாற்றுத் துணி இல்லை. எண்ணெய் தேய்த்துவிடத் தாய் இல்லை. படுக்கும் இடம் மண்டபத்துக் கல்தரை. வழிப்புழுதியும் வெயிலும் மழையும் அவர் மேனியில் எழுதிவிட்டுப் போகும். பழனிக்குப் பாதயாத்திரை போய் வந்தவரும், மண்டல விரதம் இருந்து தாடியோடு சபரிமலைக்குப் போய் வந்தவரும் இதைத் தம் உடம்பிலேயே உணர்ந்திருப்பார்கள். விரதக் காலத்தில் அந்தத் தாடியைப் பார்த்து எவரும் ஏளனம் செய்வதில்லை. குழந்தைகூட அவரைச் ‘சாமி’ என்றே அழைக்கிறது.

சைவ நெறியில் இன்னும் ஒரு படி மேலே உண்டு. இறைவனே அந்தக் கோலத்தில் வருகிறார். சடைமுடி, மேனியெங்கும் சாம்பல், கையில் பிரமகபாலம், வாசல்தோறும் பலி ஏற்றல்: இதுவே பிட்சாடனர் திருக்கோலம். பட்டு உடுத்திய சோமாஸ்கந்தருக்கு எடுக்கும் அதே தீபாராதனை பிட்சாடனருக்கும் உண்டு. காரைக்கால் அம்மையார் தம் அழகிய உடம்பு வேண்டாம் என்று பேயுருவை வேண்டிப் பெற்றார். கண்டவர்கள் அஞ்சி ஓடினர். கயிலைநாதரோ அவரை ‘அம்மையே’ என்று அழைத்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது.

வசை வாழ்த்தாக மாறிய கதையும் இந்த வட்டாரத்தில்தான் நிகழ்ந்தது. சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு முதிய அந்தணராக வந்த இறைவன், சுந்தரர் தமக்கு அடிமை என்று வழக்காடினார். சினம் கொண்ட சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசினார். வழக்கு திருவெண்ணெய்நல்லூரில் முடிந்து, வந்தவர் யார் என்பது விளங்கியபோது, ஏசிய அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடும்படி இறைவன் பணித்தார். அடியார் வாயில் வசையாக வந்த சொல் தேவாரத்தின் ஒரு பதிகத்துக்குத் தொடக்கமாயிற்று. பரதேசி என்னும் சொல்லுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. அது மதிப்பில் பிறந்து வசையில் போய் முடிந்தது.

சொல் தாழ்ந்த விதம்

இந்தச் சரிவுக்குக் காரணம் ஒன்றன்று. பஞ்சம் பிழைக்க ஊரை விட்டு வந்தவர்களும் அயலூரில் பரதேசிகளாகவே நின்றனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் குடும்பம் குடும்பமாக மக்கள் ஊர்களை விட்டு நடந்தார்கள். ‘பஞ்சப் பரதேசி’ என்ற வழக்கு இத்தகைய துன்பங்களின் நினைவைத் தன்னுள் வைத்திருக்கிறது. கடவுளைத் தேடி வந்தவரும் கஞ்சியைத் தேடி வந்தவரும் ஒரே வாசலில் ஒரே கந்தலோடு நின்றனர். வீட்டுக்குள் இருந்தவர் கண்ணுக்குக் கந்தல் மட்டுமே தெரிந்தது. காலப்போக்கில் கந்தலே சொல்லின் பொருளாயிற்று. உழைக்க மனமின்றிக் காவி உடுத்தவர்களும் அந்தச் சொல்லுக்குத் தம் பங்குக்குக் கேடு செய்தனர்.

இந்த வீழ்ச்சி பரதேசிக்கு மட்டும் நேர்ந்ததன்று. அதனோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘பண்டாரம்’ என்ற சொல்லும் இவ்வாறே ஆயிற்று. பண்டாரம் என்றால் கருவூலம், பொருள் வைக்கும் அறை. சைவத் துறவியருக்கும் அது பெயராயிற்று. திருவாவடுதுறை முதலிய ஆதீனங்களின் தலைவர்கள் இன்றும் ‘பண்டார சந்நிதி’ என்றே போற்றப்படுகின்றனர். அந்த ஆதீனத்துச் சித்தாந்த நூல்கள் பதினான்கும் ‘பண்டார சாத்திரங்கள்’ எனப்படும். கோயில்களுக்குப் பூத்தொடுத்துக் கட்டும் குடியினருக்கும் அதுவே பெயர். அப்படிப்பட்ட சொல்லைத் தலைவாராத பிள்ளைமேல் எறிகிறபோது, அது யார் யார்மேல் படுகிறது என்பதை எறிபவர் எண்ணுவதில்லை. ‘ஆண்டி’ என்ற சொல்லும் அப்படியே. பழனியில் ஆண்டிக் கோலத்து முருகனைக் காண மணிக்கணக்கில் வரிசையில் நிற்பவர்களே, வீட்டுக்கு வந்ததும் அச்சொல்லை ஏளனமாக வழங்குகிறார்கள்.

பரதேசிகள் வாழ்வித்த ஊர்

இவற்றையெல்லாம் மறக்க முடியாதபடி நினைவூட்டும் ஊர் திருவண்ணாமலை. இவ்வூரின் ஞானப் புகழில் பெரும்பங்கு வெளியூரிலிருந்து வந்தவர்களால் உண்டானது. மலைச்சரிவில் கோயிலை நோக்கி அமைந்த குகையில் வாழ்ந்த குகை நமசிவாயர் கன்னட நாட்டிலிருந்து வந்தவர். இந்த ஊரில் வாழ்ந்து முருகனருள் பெற்ற அருணகிரிநாதரோ தலந்தோறும் சென்று திருப்புகழ் பாடினார். போன ஊர்களில் எல்லாம் அவர் பரதேசி.

1889இல் பத்தொன்பது வயது இளைஞராக வந்தவர் சேஷாத்ரி சுவாமிகள். சாத்திரம் கற்ற குடும்பத்தில் பிறந்து, காஞ்சிபுரத்தில் வளர்ந்து, தேவி உபாசனையில் ஊறியவர். குழந்தைப் பருவத்தில் அவர் தொட்ட பொம்மைகள் எல்லாம் விற்றுத் தீர்ந்ததால் ‘தங்கக் கை’ என்று பெயர் பெற்றவர். அவரே அண்ணாமலையின் தெருக்களில் நாற்பது ஆண்டுகள் பித்தரைப்போலத் திரிந்தார். குளிக்கும் நினைவு இல்லை. உடையைப் பேணும் நினைவு இல்லை. திடீரென்று ஒரு கடைக்குள் நுழைவார். கையில் அகப்பட்டதை அள்ளி வீசிவிட்டுப் போவார். மற்றவர் செய்தால் கோபம் வரும். அவர் வீசினால் அன்று வியாபாரம் பெருகும் என்று கடைக்காரர்கள் அவர் வரவுக்குக் காத்திருந்தார்கள். 1929 ஜனவரி 4ஆம் நாள் அவர் சமாதி அடைந்தார். செங்கம் சாலையில் உள்ள அவர் சமாதியை வணங்காமல் கிரிவலம் வருவோர் சிலரே.

அவர் வந்த ஏழாம் ஆண்டில் மற்றொருவர் வந்தார். 1896 ஆகஸ்ட் 29ஆம் நாள் மதுரையில் வீட்டை விட்டுப் புறப்பட்ட பதினாறு வயது வேங்கடராமன், பாதி வழி ரயிலிலும் பாதி வழி நடையிலுமாக வந்து, திருக்கோவலூரை அடுத்த கீழூரில் தம் காதுக் கடுக்கன்களை அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்று, செப்டம்பர் 1ஆம் நாள் காலை அண்ணாமலையார் சந்நிதியில் நின்றார். அடகுச் சீட்டை வழியிலேயே கிழித்துப் போட்டாயிற்று. கோயிலிலிருந்து வெளியே வந்து தலையை மழித்துக்கொண்டார். கையில் எஞ்சிய பணத்தையும் தின்பண்டப் பொட்டலத்தையும் ஐயங்குளத்தில் எறிந்தார். பூணூலைக் களைந்தார். வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக் கொண்டார். மழித்தபின் நீராட வேண்டும் என்பது முறை. இந்த உடம்புக்கு நீராட்டு எதற்கு என்று அவர் திரும்பி நடக்க, ஒரு மழை பெய்து அவரை நனைத்தது.

அதன் பின் சில ஆண்டுகள் அவர் இருந்த கோலத்தை இன்று படங்களில் காணும் தூய வெண்கோவணத்தோடு ஒப்பிட முடியாது. ஆயிரங்கால் மண்டபத்தில் சிறுவர்கள் கல்லெறிந்தனர். பாதாள லிங்கத்தின் இருளில் பூச்சிகள் தொடையைத் துளைத்தன, அவர் அறியவில்லை. அப்போது அவரைக் காக்க முயன்றவர் சேஷாத்ரி சுவாமிகள். ஒரு பரதேசியின் உயர்வை முதலில் உணர்ந்தவர் மற்றொரு பரதேசி. குருமூர்த்தத்தில் தங்கியபோது தலை சடையாகத் திரண்டிருந்தது; நகங்கள் நீண்டு வளைந்திருந்தன. 1898 டிசம்பரில் தாய் அழகம்மாள் மூத்த மகனோடு வந்து, பவழக்குன்றில் பாறைமேல் கிடந்த பிள்ளையை அந்த அழுக்குக்கும் சடைக்கும் நடுவில் அடையாளம் கண்டு அழுதார். வீட்டுக்கு அழைத்தார், பிள்ளை வரவில்லை. பின்னாளில் அந்தத் தாயே மகனைத் தேடி வந்து, அவரிடமே தங்கி, 1922இல் அவர் கையிலேயே உயிர் அடங்கினார். அவர் சமாதியைச் சுற்றி எழுந்ததே இன்றைய ரமணாசிரமம்.

1959இல் மூன்றாமவர் வந்தார். கங்கைக் கரையில் 1918இல் பிறந்த யோகி ராம்சுரத்குமார், சொல்லின் முதற்பொருளிலும் பரதேசி, இரண்டாம் பொருளிலும் பரதேசி. தேரடியிலும் புன்னை மரத்தடியிலும் காலம் கழித்தார். தலைப்பாகை, அழுக்கேறிய மேலாடை, ஒரு கையில் பனையோலை விசிறி, மறு கையில் கொட்டாங்கச்சி. தொடக்கத்தில் ஊராரில் சிலர் அவரை அயலான் என்று ஏசித் துன்புறுத்தியதும் உண்டு. அவர் தம்மைப் பிச்சைக்காரன் என்றே சொல்லிக்கொண்டார். பிறர் வசையாகச் சொல்லத் தயங்கும் சொல்லைத் தமக்குத் தாமே பெயராகச் சூட்டிக்கொண்டவரை எந்த வசை தொடும்? 2001 பிப்ரவரி 20ஆம் நாள் அவர் உடலை நீத்தபோது, அந்தப் பிச்சைக்காரருக்காக ஊரே திரண்டது.

பந்தியில் நிகழ்ந்தது

ரமணாசிரமத்து அடியார்கள் வழிவழியாகச் சொல்லிவரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு நாள் உணவு வேளை. உண்ண வந்தவர்கள் கூடி நிற்க, அங்கிருந்த ஒருவர், பரதேசிகள் விலகி நிற்கட்டும், அவர்களுக்குப் பின்னர் ஆகட்டும் என்னும் பொருளில் உரக்கக் கூறினார். இலைகள் போடப்பட்டன. பகவானின் இடம் காலியாக இருந்தது. எங்கும் தேடிய அடியார்கள், தொலைவில் ஒரு மரத்தடியில் அவர் அமர்ந்திருக்கக் கண்டனர். ஏன் இங்கே என்று பதைத்துக் கேட்டபோது, பரதேசிகள் விலகி நிற்க வேண்டும் என்று சொன்னீர்களே, தாமும் ஒரு பரதேசிதானே, ஆகவே விலகி வந்ததாக அவர் விடை கூறினார்.

அவர் கூறியது விளையாட்டுப் பேச்சன்று, முற்றிலும் உண்மை. மதுரையை விட்டு வந்தவர், இவ்வூரின் வீதிகளில் வாசலுக்கு வாசல் நின்று கை தட்டிப் பிச்சை ஏற்று உண்டவர், தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவர். அவரைப் பரதேசி என்னாமல் வேறு யாரை அப்படிச் சொல்வது? சொன்னவர் ஏளனமாகச் சொன்ன சொல்லைக் கேட்டவர் மதிப்போடு ஏற்றுக்கொண்டார். இன்றும் அந்த ஆசிரமத்தில் நாள்தோறும் நண்பகலுக்கு முன் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் உணவு வழங்கப்படுகிறது. அடியார்களின் பந்தி அதற்குப் பின்னர்தான்.

இல்லறத்தார் அறிய வேண்டுவது

காவி உடுத்தவர் எல்லாரும் சேஷாத்ரி சுவாமிகளா என்று கேட்கலாம். இல்லை. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அமர்ந்திருப்பவர்களில் ஞானியும் இருக்கலாம், பசித்தவரும் இருக்கலாம், சோம்பேறியும் இருக்கலாம். பார்த்த அளவில் பிரித்தறிய இல்லறத்தாரால் ஆகாது. 1897இல் குருமூர்த்தத்தில் நகம் வளர்த்து அமர்ந்திருந்த இளைஞரைக் கண்டு, பித்தர் என்று எண்ணிக் கடந்து போனவர்களும் இருந்திருப்பார்கள். பணம் கொடுப்பதில் ஆராய்ந்து கொடுப்பது தவறன்று. சோற்றுக்கு அந்த ஆராய்ச்சி வேண்டுவதில்லை. பசி பொய் சொல்வதில்லை. ஓர் இலையும், முகம் கோணாத ஒரு சொல்லும் எவருக்கு இட்டாலும் வீணாகாது.

அழுக்கே ஆன்மிகம் என்று கொள்வதும் பிழை. நீராடி, தூய ஆடை உடுத்தி, திருநீறு அணிந்து கோயிலுக்குச் செல்வதே இல்லறத்தாருக்குரிய முறை. மகான்கள் உடம்பை மறந்ததால் அழுக்கானார்கள். அழுக்கானதால் மகான்கள் ஆனவர் எவருமிலர். ஆகவே பேரனைக் குளித்து வரச் சொன்ன பாட்டி செய்தது சரியே. சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பரட்டைத் தலை, அலங்கோலம், கந்தர்கோளம் என்று தமிழில் இதற்கு வேண்டிய சொற்கள் நிறைய உண்டு. எவரையும் புண்படுத்தாமல், பிள்ளையையும் திருத்தி, சிரிக்கவும் வைக்கும் சொற்கள் அவை. இறைவனுக்காக ஊரை விட்டவர்களின் பெயரை இதற்கு எடுக்க வேண்டியதில்லை.

மறுநாள் பௌர்ணமி. இரவு முழுதும் மலையைச் சுற்றிவிட்டுப் பேரன் விடியற்காலையில் வீடு திரும்புகிறான். செருப்பில்லாத கால்களில் புழுதி. எட்டு லிங்கங்களிலும் இட்ட திருநீறு வியர்வையில் கரைந்து முகமெங்கும் வழிந்திருக்கிறது. வாரி விட்ட தலை மறுபடியும் கலைந்து கிடக்கிறது. நேற்று வந்து இறங்கிய கோலத்தைவிட இது மோசம். கதவைத் திறந்த பாட்டி அவனை ஒரு கணம் பார்க்கிறார்.

“வந்துட்டியா சாமி? காலைக் கழுவிட்டு வா, சூடா இட்லி வைக்கிறேன்.”